கீழே குளிரும் என்று சொன்னவன்

ராசு மச்சானுக்கு, உங்கள் மாப்ள அர்த்தநாரி வணக்கத்தோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் எழுதிக்கொள்வது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் போர்க் கிணறு போட்டு எத்தனை அடி போனோம், எத்தனை அடிக்குக் கேசிங் குழாய் இறக்கினோம் என்பதுதான். உங்களிடம் பேச வேண்டியதைப் போனில் பேசினேன். இல்லாவிட்டால் ராசிபுரத்துக்கு வண்டியேறி வந்து நேரில் பேசினேன். இப்போது இரண்டுக்கும் வழியில்லை.

இதை உங்கள் புத்தகத்தின் முன்னால் அச்சடிக்கப் போகிறார்கள். எந்தப் புத்தகம் என்று பிறகு சொல்கிறேன். ஊரார் படிக்கப் போவதால், உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையே உங்களுக்குச் சொல்வது போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. சரசக்கா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. காலை மாத்திரையை மதியம் போடுகிறாள். கேட்டால், "உன்ற மச்சான் இருந்தா விசிலூதியிருப்பாரு" என்கிறாள். என் போர் போடும் ரிக் வண்டிகளை இப்போது மகன் குமரேசன் பார்த்துக்கொள்கிறான். நான் ஆபீசில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன், அவனுக்குத் தேவையில்லாத யோசனைகளைச் சொல்கிறேன்.

விசில் என்றால் படிக்கிறவர்களுக்குப் புரியாது. நீங்கள் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். தனியார் பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்த ஆள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதி, நேரமானதும் விசிலூதி விரட்டுவது உங்கள் வேலை. சேலம் வண்டிக்காரனும் நாமக்கல் வண்டிக்காரனும் ஒரு நிமிடத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் நடுவில் நின்று கடிகாரத்தைக் காட்டுவீர்கள். முப்பது வருடம் இப்படி.

அந்த ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில்தான் வானராசன் என்ற பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞான நாவல்களை எழுதினீர்கள். எழுதியது டிரிப் ஷீட்டின் பின்பக்கம். வண்டி வந்துவிட்டால் அத்தியாயம் முடிந்தது. உங்கள் கதையில் ஏன் இத்தனை இடத்தில் கதவு தட்டப்படுகிறது, ஏன் விண்கலம் திடீரென்று குலுங்குகிறது என்று வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்பார்களாம். அப்போதெல்லாம் வண்டி உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். மதியம் எழுதிய அத்தியாயங்கள் நீளம், சாயங்காலம் எழுதியவை குட்டை. காரணம் டைம் டேபிள்.

சொந்தக்காரர்கள் உங்களை என்ன சொன்னார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டைத் தாண்டாத மனுசன் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறார் என்றார்கள். அதில் முதல் ஆள் நான்தான். நீங்கள் கோபப்பட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. நிலாவில் இறக்குகிற வண்டியை ஓட்டிப் பார்க்க நம்ம நாமக்கல் பக்கத்து மண்ணைத்தான் நிலா மண் மாதிரி எடுத்துப் போனார்கள் என்ற செய்தி வந்தபோது மட்டும் எனக்குப் போன் போட்டீர்கள். "மாப்ள, நான் இத்தனை நாளா நிலாவுலதான் குடியிருந்திருக்கறேன். பஸ் செலவு மிச்சம்" என்றீர்கள்.

நீங்கள் இருந்தவரை நான் உங்கள் நாவல் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. இதைச் சொல்ல இப்போது வாய் கூசுகிறது. நான் ஒன்பதாவது பெயிலாகி, ரிக் வண்டியில் குழாய் தூக்கப் போனவன். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். ஒவ்வொரு நாவல் வந்ததும் 'மாப்ளைக்கு' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்கள். வாங்கி வண்டியில் டிரைவர் சீட்டுக்கு முன்னால் வைப்பேன். ஆந்திராவுக்கும் ஒரிசாவுக்கும் போர் போடப் போன இடத்தில் என் ஆட்கள் படிப்பார்கள். கதை நன்றாக இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால், டிரைவர் சொன்னதை என் அபிப்பிராயம் போலச் சொல்வேன். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்ட நாள் நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். இன்னொருவர் வண்டியில் ஆபரேட்டராக இருந்தேன். உங்களுக்கு அன்று லீவு. பூமிக்கடியில் நடக்கிற கதை ஒன்று எழுதப் போகிறேன், வேலையைப் பார்க்க வேண்டும் என்று வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றீர்கள். சித்திரை வெயில். மதியம் தண்ணீர் பட்டது. கம்ப்ரசர் காற்று தள்ளியதில் சேறும் தண்ணீருமாகப் பனை உயரத்துக்குப் பீய்ச்சியது. நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்து அதில் நீட்ட வைத்தேன்.

"எப்படி இருக்குதுங்க மச்சான்?"

"சில்லுனு இருக்குது மாப்ள."

"கீழ போகப் போக இன்னும் குளிருமுங்க. ஆயிரம் அடிக்குப் போனா கம்பளி போர்த்தாம நிக்க முடியாது."

அந்தக் காலத்தில் எங்கள் வண்டி முந்நூறு அடி போனாலே பெரிது. ஆயிரம் அடியை நான் கண்ணால் கண்டதே இல்லை. இருந்தாலும் அடித்துச் சொன்னேன். நீங்கள் உடனே எழுதிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பூமிக்குள் போகப் போகச் சூடு என்றல்லவா போட்டிருக்கிறது என்று இழுத்தீர்கள். பாறையைக் குடைகிற பிட்டை வெளியே எடுக்கும்போது சுடுகிறதே என்றும் கேட்டீர்கள். பிட் சுடுவது பாறையோடு உரசுவதால் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"புஸ்தகம் எழுதுனவன் உள்ள கையை உட்டுப் பார்த்தானுங்களா? நான் தெனமும் பார்க்கறேன்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் சட்டைப் பையிலிருந்து டிரிப் ஷீட்டை எடுத்து எழுதிக்கொண்டீர்கள்.

அப்படி வந்த கதைதான் 'குளிர்ப் பாதாளம்'. மழை பொய்த்து, நிலம் வெடித்து, ஒரு தாலுகாவே போர்க் குழியை அகலப்படுத்திக்கொண்டு பூமிக்குள் குடி போகிறது. அங்கே நல்ல குளிர். தறி வைத்திருந்தவர்கள் பட்டு நெய்வதை விட்டுவிட்டுக் கம்பளி நெய்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வியர்வை என்றால் என்னவென்றே தெரியாது. சென்னையிலிருந்து வருகிற ஒரு பெரிய வாரப் பத்திரிகை அதைத் தொடராக எடுத்துக்கொண்டது. முப்பது வாரம் என்று பேச்சு. மாத நாவல் எழுதுகிற ஒருவருக்கு அது எத்தனை பெரிய கதவு என்று எனக்கு அப்போது தெரியாது. அக்கா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

ஒன்பதாவது வாரம் தொடர் நின்றது. அதற்குப் பிறகு எந்தப் பெரிய பத்திரிகையும் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்கள் பழையபடி மாத நாவலுக்குப் போனீர்கள். கடைசி வரை அதிலேயே இருந்தீர்கள்.

அதை வைத்து நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே. போர் போட்டுத் தண்ணீர் வராமல் வெறும் தூசி மட்டும் கிளம்பினால் 'புகை வந்துவிட்டது' என்போம். எந்த விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தாலும், மச்சான் கதைக்கு ஒன்பது வாரத்திலேயே புகை வந்துவிட்டது என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைப்பேன். குமரேசனின் காது குத்துக்குச் சொன்னேன். அவன் கல்யாணத்திலும் சொன்னேன். மச்சான் மாப்ள கேலிதானே என்று எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தீர்கள். அக்கா மட்டும் எழுந்து ரசம் எடுத்துவரப் போய்விடுவாள். ரசம் இலைக்கு வந்த பிறகும் போவாள். நான் கவனித்திருக்க வேண்டும்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

சேலத்தில் புத்தகக் கடை வைத்திருக்கும் நூருல்லா பாயை உங்களுக்குத் தெரியும். காலேஜ் போகிற காலத்தில் ராசிபுரம் பஸ்ஸில் உங்கள் நாவல்களைப் படித்து வளர்ந்தவர். உங்கள் பெட்டிகளைத் திறந்து பார்க்க அக்காவிடம் அனுமதி கேட்டார். அக்கா கொடுத்துவிட்டாள். அதில் 'குளிர்ப் பாதாளம்' முழுசாக இருந்தது, முப்பது அத்தியாயமும். பத்திரிகை ஒன்பதில் நிறுத்திய பிறகும் மிச்ச இருபத்தொன்றை யாருக்காக எழுதினீர்கள் மச்சான்? அச்சாகாது என்று தெரிந்தும் நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

பாய் அதைப் படித்துவிட்டுப் போன மாதம் என் ஆபீசுக்கு வந்தார். இருக்கிற வானராசன் கதைகளில் இதுதான் சிறந்தது, இதைத்தான் முதலில் போடப் போகிறேன் என்றார். பிறகு, ஒரே ஒரு சந்தேகம், பூமிக்குள் போகப் போகச் சூடுதானே, கதையில் குளிர்கிறதே என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, நாற்பது வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன், கீழே குளிர்தான் பாய் என்றேன். பக்கத்தில் குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் இங்கேயே இன்ஜினியரிங் படித்தவன்.

பிறகு அவன்தான் மெதுவாகச் சொன்னான். அழுத்திய காற்று குழியை விட்டு வெளியே வந்து விரியும்போது குளிர்ந்துவிடுமாம். வெளியே கொதிக்கிற வெயிலில் ஈரம் கையில் பட்டால் இன்னும் சில்லென்று தெரியுமாம். பூமி குளிர்வதாக அதற்கு அர்த்தம் இல்லையாம். இது தெரிந்தும் ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமா சொல்ல வேண்டாம்னு சொல்லியிருந்தாருங்கப்பா" என்றான். அவன் காலேஜில் சேர்ந்த வருடமே நீங்கள் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டீர்களாம்.

பாய் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒன்று பத்திரிகை ஆசிரியர் உங்களுக்கு எழுதியது. ஓர் அறிவியல் ஆசிரியரும் வேறு பல வாசகர்களும் தவறைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்கள், பத்திரிகைக்குக் கெட்ட பெயராகிறது. இந்தத் தகவலைத் தந்தது யார் என்று நீங்கள் தெரிவித்தால், அதை ஒரு குறிப்பாக வெளியிட்டுவிட்டுத் தொடரைத் தொடரலாம். இதுதான் சாரம். மனுஷன் நல்லவர்தான், வழி விட்டிருக்கிறார்.

இன்னொன்று, நீங்கள் டிரிப் ஷீட்டின் பின்னால் எழுதிப் பார்த்த பதில். நான் மெதுவாகப் படிப்பேன் என்பதால் பாய் வாசித்தார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இங்க அடிச்சிருக்காருங்க. ஆனா படிக்க முடியுது. உங்க பேருதான் இருக்கு" என்றார்.

அடித்த வரி இது: 'இத்தகவலை எனக்கு அளித்தவர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு அமைக்கும் என் மைத்துனர் அர்த்தநாரி. தம் கையால் உணர்ந்து சொன்னார். நான் நம்பினேன்.' அதன் மேல் இரண்டு கோடு. கீழே புதிதாக எழுதியிருந்தது: 'தகவல் எவரும் அளிக்கவில்லை. பிழை முழுதும் என்னுடையது.'

நான் அன்றைக்கே ராசிபுரம் போனேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாளைக் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடவே இல்லை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். ஏன் அக்கா இத்தனை வருடம் சொல்லவில்லை, நான் பந்தியில் பேசும்போதாவது என் வாயை மூடியிருக்கலாமே என்றேன். உன் மச்சான் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார் சாமி என்றாள்.

தொடர் நின்ற அந்த மாதம்தான் நான் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாக ஒரு பழைய ரிக் வண்டி எடுத்திருந்தேன். என் பெயரைப் பெயிண்டில் எழுதியிருந்தேன். எனக்கு வேலை கொடுக்க வேண்டியவர்கள் எல்லாம் ராசிபுரம், வெண்ணந்தூர்க்காரர்கள். சலூனில் அந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள். பூமிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாதவன் என்று அதில் பெயரோடு வந்தால் யார் என்னைக் கூப்பிட்டுப் போர் போடுவார்கள்? நீங்கள் பதில் எழுதிய அன்றைக்கு அக்கா உங்களோடு வாதாடியிருக்கிறாள். நீங்கள் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"மாப்ள இப்பத்தான் வண்டியில பேரெழுதி ரோட்டுக்கு வந்திருக்கறான். நாம அதை அழிச்சறக் கூடாது சரசு. எனக்கென்ன, அடுத்த மாசம் வேற கதை வரும்."

இதைச் சொல்லிவிட்டு அக்கா கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு உங்கள் நாவல்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் ஓடுகிறது. 'குளிர்ப் பாதாள'த்துக்குப் பின்னால் வந்த கதைகளில் எங்கெல்லாம் பூமிக்குள் இறங்குகிறார்களோ அங்கெல்லாம் கொதிக்கிறது. ஆக, உங்களுக்குச் சரியானது தெரிந்துவிட்டது. நான் ஊர் ஊராகப் போய்க் குளிரும் குளிரும் என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒரு தடவை தனியாகக் கூப்பிட்டு, மாப்ள அது தப்பு என்று சொல்லியிருந்தால் என்ன? சொன்னால் தொடர் நின்ற கதையும் வெளியே வந்துவிடும் என்று பயந்தீர்களா? இல்லை, பேசாமல் இருப்பதே பழக்கமாகிவிட்டதா?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. பூமி சூடு என்று உங்களுக்கு முன்னமே தெரியும். வெண்ணந்தூர்த் தோட்டத்தில் நின்றபோதே தெரியும், நீங்களே சொன்னீர்கள். பிறகு ஏன் நான் சொன்னதை எழுதிக்கொண்டீர்கள்? யோசித்துப் பார்த்தால் ஒரு பதில்தான் கிடைக்கிறது. என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் அந்த வயதில் யாரும் இல்லை. வாத்தியார் எடுத்துக்கொள்ளவில்லை, என் அப்பா எடுத்துக்கொள்ளவில்லை. அச்சடித்த புத்தகத்தைத் தள்ளிவிட்டு என் கையை நம்பினது நீங்கள் ஒருத்தர்தான். அதற்கு நான் செய்த கைம்மாறு பந்தியில் நடந்தது.

பாய் என்னிடம் மூன்று வழி சொன்னார். குளிரைச் சூடாக மாற்றிவிடலாம். அல்லது, இது வெறும் கற்பனை என்று ஒரு வரி போட்டுவிடலாம். அல்லது எதையும் தொடாமல் அப்படியே விடலாம். முதல் வழி நடக்காது. கம்பளி நெய்கிற தறியை எடுத்துவிட்டால் அப்புறம் அந்தக் கதையில் என்ன மிஞ்சும்? வியர்வை தெரியாத அந்தப் பிள்ளைகளை எங்கே அனுப்புவது? இரண்டாவதும் மூன்றாவதும் என்னை மறைக்கிற அதே பழைய பொய்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்துவிட்டு உங்களைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

நான் நாலாவது வழி சொன்னேன். நீங்கள் அடித்த வரியைக் கோடு இல்லாமல் முதல் பக்கத்தில் போட வேண்டும். அதை யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்று நானே எழுதித் தருகிறேன். பாய் சரி என்றார். குமரேசன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுடைய கவலை நியாயம். ஐந்து வண்டியிலும் இன்றைக்கும் என் பெயர்தான் எழுதியிருக்கிறது. போட்டிக்காரர்கள் போனில் போட்டுக் கிண்டல் பண்ணுவார்கள், கர்நாடகா வரைக்கும் போகும் அப்பா, வேலை குறைந்துவிடும் என்றான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் வந்து கேட்டான்.

"மாமா உங்க பேரைக் காப்பாத்தத்தானே அப்படிப் பண்ணுனாரு. நீங்களே அதைக் கெடுத்துக்கறது அவருக்குச் சம்மதமா இருக்குமுங்களாப்பா?"

உங்களைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். விசிலை எடுத்து ஊதி என்னை இந்தப் பக்கத்திலிருந்தே விரட்டிவிடுவீர்கள். ஆனால் அன்றைக்குக் காப்பாற்ற வேண்டிய பெயர் ஒரு பழைய வண்டியின் மேல் ஈரம் காயாமல் இருந்தது. இன்றைக்கு அது காய்ந்துவிட்டது. கொஞ்சம் சுரண்டினாலும் நிற்கும். நிற்காவிட்டாலும் பரவாயில்லை என்று குமரேசனிடம் சொன்னேன். அவன் இந்தத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தான்.

ஆகவே மச்சான், எங்கள் தாலுகாவிலும் வெளியூரிலும் இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். பூமிக்குள் போகப் போகச் சூடு. வானராசனுக்கு அது தெரியும். குளிரும் என்று அவரிடம் சாதித்தவன் நான். அந்தத் தொடர் நின்றதற்குக் காரணம் என் வாய். கதையில் ஒரு குறையும் இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புத்தகம் வந்ததும் நம் வீட்டில் வருகிற முதல் விசேஷத்தில், அதே பந்தியில் எழுந்து நின்று, முன்பு சிரித்தவர்கள் எல்லோரும் கேட்க, ஒன்பதாவது வாரம் என்ன நடந்தது என்று என் வாயாலேயே சொல்வேன். அக்காவை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வேன். அன்றைக்கு அவள் ரசத்துக்கு எழுந்து போக வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
நீங்கள் இரண்டு கோடு போட்டுக் காப்பாற்றிய,
சரசுவின் தம்பி, உங்கள் மாப்ள
அர்த்தநாரி